லண்டனிலிருந்து 20 நிமிடத்தில்

கோவில்பட்டி
ஏப்ரல் 12

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மாடி ஏறாதே என்கிறார் டாக்டர். ரிட்டயர் ஆனபின் பிடித்த செயற்கைக்கோள் பார்க்கிற பைத்தியமே மாடியில் இருக்கிறது, ஏறாமல் எப்படி?

லண்டனில் உன் தோட்டத்தில் நீ பார்த்த 'ஓடுகிற நட்சத்திரம்' விமானம் இல்லை. ஆதாரத்தை நீயே எழுதிவிட்டாய்: சிமிட்டவில்லை, சிவப்பு பச்சை விளக்கு இல்லை, சத்தம் இல்லை, மேற்கே கிளம்பி நாலைந்து நிமிடத்தில் கிழக்கே போய்விட்டது, வியாழனைவிடப் பிரகாசம். சர்வதேச விண்வெளி நிலையம்தான் அது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதற்கென்று தனியாக வெளிச்சம் கிடையாது. கீழே நமக்கு இருட்டிய பிறகும் மேலே அதன் சோலார் தகடுகளில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயிலைத்தான் பார்க்கிறோம்.

இதில் நீ கொடுத்துவைத்தவன். நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்வு, அதாவது வடக்கே அந்த அட்சரேகை வரைதான் போகும். லண்டன் இருப்பது 51.5 டிகிரியில். உன் தலைக்கு நேர்மேலே போகும். அதோடு, ஜூன் மாத நடுராத்திரியில்கூட உங்கள் ஊர்ச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 15 டிகிரிதான் இறங்குகிறது. அந்த உயரத்தில் இருப்பதற்கு அது ராத்திரியே இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, விடிய விடியப் பார்க்கலாம். இங்கே அந்தக் கதை நடக்காது. பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம், விடிவதற்கு முன் அதே அளவு, அவ்வளவுதான். பல நாள் பாதி வானம் வந்ததுமே பூமியின் நிழலில் நுழைந்து, லேசாகச் சிவந்து, அணைந்துவிடும். எனக்கென்னவோ அது அணைகிற அந்தச் சில நொடிகள்தான் பிடித்திருக்கிறது.

ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளாதே. ஹப்பிள் எங்கள் பக்கம். 1990-ல் அனுப்பிய தொலைநோக்கி, சாய்வு 28.5 டிகிரிதான். லண்டனில் தலைகீழாக நின்றாலும் தெரியாது. இங்கே சில நாள் உச்சியிலேயே போகும், சப்தரிஷி நட்சத்திரங்கள் அளவு வெளிச்சத்தோடு. சீனாக்காரர்களின் தியான்கோங் நிலையமும் அப்படித்தான். உனக்குத் தெற்கே தாழ்வாகத் தெரியும், எனக்கு நன்றாக மேலே வரும்.

பார்ப்பது சுலபம். பார்த்தது எது என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி. வடக்கு தெற்காகப் போனால் அநேகமாக பூமியைப் படம் பிடிக்கிற செயற்கைக்கோள். சீராக விட்டு விட்டு மின்னினால், வேலை முடிந்து குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிற ராக்கெட் பாகம். இரண்டு மூன்று புள்ளிகள் இடைவெளி மாறாமல் சேர்ந்து போனால் கடற்படைகளை வேவு பார்க்கிற செயற்கைக்கோள் கூட்டம். அமெரிக்கா தன் உளவுக்கோள்களின் பாதையை வெளியிடுவதில்லை. ஆனால் பல நாடுகளில் என்னைப்போல மொட்டைமாடியில் நிற்கிறவர்கள் நேரம் குறித்துக் குறித்தே அந்தப் பாதைகளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சித்திரை நட்சத்திரத்துக்கும் சுவாதிக்கும் மனசில் ஒரு கோடு போட்டுக்கொள், புள்ளி அதைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்சை அழுத்து. அப்புறம் 'ஹெவன்ஸ் அபவ்' இணையதளத்தின் பட்டியலில் திசையையும் நேரத்தையும் ஒப்பிடு. எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. விண்வெளி நிலையம் 25544. 1958-ல் போன வான்கார்டு 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளுக்கு வெறும் 5. அது செத்தும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கு முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1957-ல் ஊர் ஊராக ஜனங்கள் 'ஸ்புட்னிக்கைப் பார்த்தேன்' என்றார்களே, பெரும்பாலோர் பார்த்தது அதன் பின்னாலேயே சுற்றிய ராக்கெட்டைத்தான். ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் உருண்டை, வெறும் கண்ணுக்கு எங்கே தெரியும்? இன்டர்நெட் தருகிற ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பற்றிக் கேட்டிருந்தாய். ஏவிய சில நாட்களுக்கு வரிசையாகப் போவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்தவை, எது எது என்று தேட எனக்குக் கை வரவில்லை. இரிடியம் என்ற போன் செயற்கைக்கோள்கள் போனதுதான் வருத்தம். அந்தப் பழைய கோள்களின் ஆன்டெனாத் தகட்டில் வெயில் பட்டுத் திரும்பினால் சில நொடிக்கு வெள்ளிக் கிரகத்தையே மிஞ்சும். அவற்றை இறக்கிவிட்டுப் புதிதாக அனுப்பியவை அப்படி மின்னுவதில்லை.

சரி, முக்கியமான விஷயம். ஒரு கணக்குப் போட்டேன். நிலையம் தன் பாதையின் வடகோடியை லண்டன் மேலே தொட்டால், அங்கிருந்து தென்கிழக்கே இறங்கி, கருங்கடல், காஸ்பியனின் தென்கரை, ஈரான், அரபிக்கடல், கேரளம் தாண்டி நேரே கோவில்பட்டிக்கு வருகிறது! 20 நிமிடம். ஜூனில் உனக்கு நடுராத்திரி 12:20 என்றால் எனக்கு விடிகாலை 5:10. இரண்டு பேருக்குமே தெரிகிற நேரம். பாதை நாளுக்கு நாள் நகர்வதால் இந்தப் பொருத்தம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில நாள்தான் அமையும். அது ஜூனில் விழ வேண்டும். காற்று உராய்வில் உயரம் குறைவதும் அவ்வப்போது எஞ்சின் போட்டு ஏற்றுவதுமாக இருப்பதால் சரியான நேரம் மே கடைசியில்தான் தெரியும். தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். உன் தலைக்கு மேலே வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் தட்டு. இங்கே சாரல் மேகம் மறைத்தால் அடுத்த வருஷம் பார்ப்போம்.

பைனாகுலர் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். 7×50 (ஏழு மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) வாங்கு. அதைவிடப் பெரிது நம் வயதுக் கைக்கு ஆடும். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமசாமி