அந்த வெள்ளைச் சட்டையை அனுப்பமாட்டேன்

கோத்தன்பர்க், சுவீடன்,
ஜனவரி, ஞாயிறு பின்னேரம்.

என் அன்புக் குஞ்சுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் அழுததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நான் வாய் திறப்பதற்குள் பிள்ளை எழும்பிவிட்டாள், நீ வைத்துவிட்டாய். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அப்பா கடைக்குப் போயிருக்கிறார். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. தேத்தண்ணியோடு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

லூசியாத் திருநாள் ஊர்வலத்துக்கு நான் தைத்த உன் வெள்ளைச் சட்டையை அனுப்பச் சொன்னாய். வருகிற டிசம்பரில் சின்னவளுக்குப் போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "அம்மா, நாங்கள் பள்ளிக்கூடத்தில் தனித்துப் போகக்கூடாது என்றுதானே நீங்கள் இதெல்லாம் செய்தீர்கள். சட்டை தைத்தது, அபா இசைக்குழுவின் பாட்டுக் கேட்டது, விளங்காத சுவீடிஷ் படமெல்லாம் இருந்து பார்த்தது. உங்களுக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லையே" என்று சொல்லி அழுதாய். பிள்ளை பெற்ற முதல் வருசம் எல்லாருக்கும் தாயின் நினைவு அப்படித்தான் வரும். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு இருந்த நாட்களில் அம்மம்மாவை நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் குஞ்சு, நீ சொன்னது சரியில்லை. அவை எல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. அவ்வளவுதான் காரணம். அதை நீ தியாகம் என்று எழுதி வைத்தால் என்னிடமிருந்து ஒன்றை எடுத்துவிடுகிறாய்.

அபாவை நீ பிறக்க முதலே எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினைந்து வயது. பக்கத்து வீட்டு அண்ணா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசெட் ஒன்று, மதிலுக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டே இருக்கும். அவர்களை இங்கிலாந்துக்காரர் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 1989இல் இங்கே வந்து இறங்கி, அகதிகளுக்கான விடுதியில் சுவீடிஷ் வகுப்பில் இருக்கும்போது ஆசிரியை ஒரு பாட்டைப் போட்டு வரிகளை எழுதச் சொன்னார். அதே இரண்டு பெண் குரல்கள். இவர்கள் இந்த ஊர்க்காரரா என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். யாரையும் தெரியாத நாட்டில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் முன்பே இருந்திருக்கிறார்கள். அந்தப் பின்னேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

1974 ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டனில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அவர்கள் 'வாட்டர்லூ' பாடி வென்ற நிகழ்ச்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பாட்டுக்காகப் பாதி, உடுப்புக்காகப் பாதி. நீலப் பட்டும் வெள்ளிச் சப்பாத்துமாக, இசைக்குழுவை நடத்தியவர் நெப்போலியன் வேடத்தில் வர, அந்த மேடையில் ஒரு வெட்கம் கிடையாது. தினசரி போட முடியாத உடுப்பாக இருந்தால்தான் சுவீடனில் அதை வரியில் கழிக்கலாம், அதனாலும் அப்படி உடுத்தோம் என்று அந்த நாலு பேரில் ஒருவரான பியோர்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் காரணமும் பிடிக்கும். சட்டம் என்ன சொன்னாலும் அவற்றை வெட்டித் தைத்த கைகளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்திருக்கும்.

2013இல் ஸ்டாக்ஹோமில் அபா அருங்காட்சியகம் திறந்த கோடையில் போனோமே. பூனைப் படம் போட்ட அந்தக் குட்டை வெள்ளைச் சட்டைகளுக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தேன், நீ வா வா என்று இழுத்தாய். பூனையின் ஓரத்தை எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சிவப்புத் தொலைபேசி இருக்கிறதல்லவா, அந்த நாலு பேருக்கு மட்டுமே இலக்கம் தெரியும், அடித்தால் யார் நின்றாலும் எடுக்கலாம். அதற்குப் பக்கத்தில் நான் அரை மணித்தியாலம் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது இருபது வயது. அது உன்னைச் சிரிக்க வைப்பதற்கு என்று நினைத்திருப்பாய். இல்லை. அடிக்கும் என்று உண்மையாகவே எதிர்பார்த்து நின்றேன்.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

1999 டிசம்பர். உனக்கு ஆறு வயது. லூசியா ஊர்வலத்தில் நீயும் ஒரு தோழி, வெள்ளை நீளச் சட்டை வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கடதாசி கொடுத்துவிட்டிருந்தார்கள். கடைகளில் மலிவாகவே தொங்கியது. வாங்கியிருந்தால் பத்து நிமிசத்தில் அலுவல் முடிந்திருக்கும். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நைலோன் கலந்த துணி, தொட்டால் மொடமொடவென்றது. அது உடம்பில் விழாது, விறைத்து நிற்கும். டிசம்பர் 13 இங்கே காலை ஏழரைக்கும் இருட்டு. பிள்ளைகள் கையில் விளக்கோடு வரிசையாக நடந்து வரும்போது சட்டையின் மடிப்புக்குள் வெளிச்சம் இறங்கி ஓட வேண்டும். அதற்குப் பருத்தி வேண்டும், அதுவும் பல தடவை தோய்த்து மெத்தென்று ஆன பருத்தி. அப்படி ஒன்று வீட்டில் இருந்தது, அப்பாவின் எட்டு முழ வேட்டி.

ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "கரையை மட்டும் வெட்டிப்போடாதையும்" என்றார். வெட்டவில்லை. கீழ் விளிம்பில் ஆறு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, பச்சைக் கரையை அதற்குள் ஒளித்துத் தைத்தேன். நூல் வெளியே தெரியாமல் ஒவ்வொரு தையலிலும் வேட்டியின் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசியில் எடுத்தேன். விளிம்பைக் கையால் முடிக்க இரண்டு இரவு போனது. மிச்சமெல்லாம் மெசினில். பழைய பொருட்கள் விற்கும் சந்தையில் வாங்கிய அந்தப் பச்சை ஹுஸ்க்வார்ணா மெசின் இப்போதும் ஓடுகிறது. அந்தக் கம்பனி 1689இல் அரசருக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கியதாம், 1872இலிருந்து தையல் மெசினும் செய்தது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவள் நான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த மெசினில் கை வைக்கும்போதெல்லாம் ஒரு நிம்மதி.

முடித்த இரவு நீங்கள் இருவரும் படுத்துவிட்டீர்கள். சட்டையைக் கதிரையில் தொங்கவிட்டு, மின்விளக்கை அணைத்து, ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்து பார்த்தேன். நான் நினைத்தபடியே வெளிச்சம் மடிப்புக்குள் இறங்கி ஓடியது. கரை இருந்த இடத்தில் மட்டும், துணிக்குள் ஏதோ இருப்பதுபோல ஒரு மெல்லிய நிழல். எவ்வளவு வடிவு. திரி பாதியாகும்வரை நான் படுக்கப் போகவில்லை. அந்த நேரத்தில் உன்னையோ தம்பியையோ நான் நினைக்கவே இல்லை, குஞ்சு. அது முழுக்க என்னுடைய சந்தோசம்.

மூன்றாவது வருசம் உயரம் போதாமல் மடிப்பை முழுதாக இறக்கியபோது கரை வெளியே வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு இல்லை என்று அழுதாய். அடுத்த நாள் வந்து, ஆசிரியை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இது என்ன துணி, எங்கே வாங்கலாம் என்று கேட்டதாகச் சொன்னாய். லூசியா என்ற அந்தப் பெண்ணே சிசிலித் தீவுக்காரி. ஊர்வலத்தில் பாடுகிற பாட்டின் மெட்டு இத்தாலியின் நாப்போலி நகரத்து மெட்டு. அன்றைக்குச் சாப்பிடுகிற மஞ்சள் பணிசில் போடும் குங்குமப்பூவும் தூரத்திலிருந்து வந்ததுதான், அரைக் கிராம் பைகளில் விற்கிறார்கள். அதனால் வேட்டிக் கரையும் அந்த ஊர்வலத்தில் நடக்கலாம் என்று உனக்குச் சொன்னேன். நீ அடுத்த வருசம் அழவில்லை.

உன் மஞ்சள் கோன்கென் பையும் அலுமாரியில்தான் இருக்கிறது. 1978இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதுகு நோகிறது என்பதற்காகச் செய்த பை, இப்போது லண்டன் ரயிலில் பெரியவர்கள் எல்லாரும் முதுகில் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு என் சொந்தக்காரர் பெயரெடுத்த மாதிரி இருந்தது. அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளங்காத படம் என்றாய். முதலில் மொழி விளங்கவில்லை, உண்மைதான். ஆனால் இரவு வேலை முடிந்து வந்து, தொலைக்காட்சியில் நடிகை கிரேட்டா கார்போவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் முடிவைப் பார்த்தேன். அரியணையைத் துறந்த சுவீடன் ராணி கிறிஸ்டினாவாக அவள் கப்பலின் முன்புறத்தில் நிற்கிறாள், நாட்டை விட்டுப் போகிறாள். கமரா அவளுடைய முகத்துக்குக் கிட்டக் கிட்டப் போகிறது. அந்த முகத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றையும் நினைக்காதே என்று இயக்குநர் சொல்லித்தான் எடுத்தாராம். கப்பலேறி வந்தவள் இல்லை நான், ஆனால் புறப்பட்ட அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. ஸ்டாக்ஹோமில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பெரிய கடை ஒன்றில் தொப்பி விற்ற பெண் கார்போ. 2016இல் நூறு குரோனர் தாளில் அவள் முகம் வந்தபோது வங்கியில் கேட்டு ஒரு புதுத் தாள் வாங்கி வைத்தேன். இங்கே இப்போது யாரும் காசைத் தொடுவதில்லை. எனக்கு அது காசாகத் தேவையும் இல்லை.

இயக்குநர் இங்மார் பெர்க்மனின் 'இலையுதிர் கால சொனாட்டா'வை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். நீ ஒரு தடவை பார், பிள்ளை நித்திரையானதும். 1978இல் வந்த படம். தாயாக இங்கிரிட் பெர்க்மன், பெயர் பெற்ற பியானோக் கலைஞர். மகளாக லிவ் உல்மன். வருசக் கணக்கில் காணாத தாய் மகளிடம் வருகிறாள். மகள் ஷோபனின் சிறிய துண்டு ஒன்றை வாசித்துக் காட்டுகிறாள். பிறகு தாய் பக்கத்தில் இருந்து அதையே வாசிக்கிறாள். இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிகிறது. தாய் பியானோவைப் பார்க்கிறாள், மகள் தாயைப் பார்க்கிறாள். முதல் தடவை எனக்கு அந்தத் தாயில் சரியான கோபம். பிள்ளையை விட்டுவிட்டு என்ன சங்கீதம் என்று. மூன்றாவது தடவை, அந்த மகள் தன் தாயைத் தனக்காக மட்டுமே தேடுகிறாளே, அந்தக் கைகள் எவ்வளவு அழகாக வாசிக்கின்றன என்று ஒரு கணமாவது கேட்டாளா என்று நினைத்தேன். படம் இருவரில் யாருக்கும் சார்பாக நிற்பதில்லை. நான் அந்தத் தாய் இல்லை, நீ அந்த மகளும் இல்லை. ஆனால் நேற்று நீ அழுதபோது அந்தக் காட்சிதான் வந்தது.

இனிச் சொல்லப்போவது அப்பாவுக்கும் தெரியாது. 2021 ஜனவரி. கொரோனாவால் எங்கள் கோத்தன்பர்க் திரைப்பட விழாவுக்குக் கூட்டம் சேரக்கூடாது என்றிருந்த வருசம். விழாக்காரர் ஓர் அறிவித்தல் போட்டார்கள். மார்ஸ்ட்ராண்டுக்கு வெளியே கடலில் பாறைத் தீவு ஒன்றில், 1868இல் கட்டிய சிவப்பு இரும்புக் கலங்கரை விளக்கம் இருக்கிறதே, பாத்தர் நோஸ்தர், அங்கே ஒரே ஒரு ஆளை ஒரு கிழமை தங்க வைத்து விழாப் படங்களைக் காட்டப் போகிறோம் என்று. தொலைபேசி இல்லை, குடும்பம் இல்லை, சிநேகிதர் இல்லை. கடலும் படமும் மட்டும். அந்தப் பாறைகளைக் கடக்கும்போது மாலுமிகள் சொன்ன செபத்தின் பெயர்தான் அந்த இடத்துக்கு.

நான் விண்ணப்பித்தேன், குஞ்சு.

அந்தக் குளிர்காலத்தில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எத்தனை கட்டில்கள் வெறுமையாகின என்று உனக்குத் தெரியும். நீ ஒவ்வொரு இரவும் அழைத்து, சாப்பிட்டீர்களா, முகக்கவசம் போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்குப் பதில் சொல்லிவிட்டு, அப்பா படுத்த பிறகு, இதே மேசையில் இருந்து சுவீடிஷில் எழுதினேன். அகராதி பார்க்கவில்லை. எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், ஒரு கிழமை யாருக்கும் தேவைப்படாமல் இருக்க விரும்புகிறேன், வேறு காரணம் இல்லை என்று எழுதினேன். அனுப்பிவிட்டு நெஞ்சு படபடவென்று அடித்தது. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்தது மருத்துவமனையில் வேலை செய்கிற ஒரு தாதிக்கு. செய்தியில் அவர் படகில் போவதைக் காட்டினார்கள். எனக்குப் பொறாமை வரவில்லை. எங்களில் ஒருத்தி போகிறாள் என்று இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் வேலைக்கு ட்ராமில் போகும்போது, இப்போது அவர் எந்தப் படம் பார்த்துக்கொண்டிருப்பார், காற்று எப்படி அடிக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

இதை ஏன் உனக்குச் சொல்லவில்லை? நீ வருத்தப்படுவாய் என்று. அம்மாவுக்கு எங்களிடமிருந்து ஓட வேண்டும் போலிருந்ததா என்று கேட்பாய் என்று. இப்போது நீயே ஒரு பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறாய். இரவு மூன்று மணிக்கு அவள் உறங்கிய பிறகு, ஐந்து நிமிசம் ஏதோ ஒரு பாட்டை நீ காதில் போட்டுக்கொள்வாய் என்று நினைக்கிறேன். அதற்காக உன் அன்பு குறைந்துவிடுகிறதா?

ஆகவே, அந்தச் சட்டையை அனுப்பமாட்டேன். அது என்னுடையது. சின்னவளின் நெஞ்சளவும் தோளிலிருந்து கணுக்கால்வரை உயரமும் நவம்பர் முதல் கிழமை எடுத்து அனுப்பு, புதிதாகத் தைத்துத் தருகிறேன். அப்பாவிடம் இன்னொரு வேட்டி இருக்கிறது. இது நீலக் கரை. இன்னும் கேட்கவில்லை.

விழா அடுத்த வெள்ளி தொடங்குகிறது. சனிக்கிழமைக்கு யார்ன்தோரியெட்டில் ட்ராக்கென் அரங்கில் எனக்கு ஓர் இடம் எடுத்துவிட்டேன், ஒரே ஒரு இடம். படம் ஆறு மணிக்கு. அதனால் சனி பின்னேரம் அழைக்காதே. ஞாயிறு காலை கதைப்போம்.

அன்புடன்,
அம்மா