பாடம் சொல்லித் தந்த மூன்று பேருக்கு நன்றி

அன்புள்ள தக்கலை அக்கா, குளச்சல் அண்ணன், மார்த்தாண்டம் தம்பி மூவருக்கும்,

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் எழுதுகிறேன். நாகர்கோவிலில் நர்சிங் பிள்ளைகளுக்கு மனநலப் பாடம் எடுக்கிறவள் நான். பதினொரு வருஷமாகப் புத்தகத்தை வைத்து எடுத்த பாடத்தை, இந்த முறைதான் மனநோயோடு வாழ்ந்து பார்த்த உங்களோடு சேர்ந்து எடுத்தேன்.

முதலில் போன் செய்தபோது, "அரை மணி நேரம் உங்கள் கதையைச் சொன்னால் போதும்" என்றுதான் கேட்டேன். தக்கலை அக்கா, நீங்கள் உடனே மறுத்துவிட்டீர்கள். "எனக்க கதையக் கேட்டு பிள்ளைகள் அழுதிட்டுப் போவும். அதுக்கு நான் எதுக்கு? நீங்க எடுக்குற பாடத்த மொதல்ல காட்டுங்க" என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் கட்டன் சாயாவும் மட்டிப்பழமுமாக நாம் நான்கு பேரும் உட்கார்ந்து, என் நோட்ஸை வரி வரியாகப் படித்தோம். 'மருந்துக்கு ஒத்துழைக்காத நோயாளி' என்று நான் எழுதியிருந்ததை அக்கா பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'ஏன்னு கேட்டீங்களா?' என்று எழுதினீர்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த 'ஏன்' என்பதற்குக் குளச்சல் அண்ணன் சொன்ன பதில் என் வகுப்பையே மாற்றிவிட்டது. அவர் சாப்பிடுவது லித்தியம், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். அதை நானும் வருஷா வருஷம் சொல்லித் தருகிறேன். ஆனால் அந்த நேரத்தில் அண்ணன் கடலில் இருப்பார். கரைக்கு வரும்போது லேப் பூட்டியிருக்கும். வெயிலில் வியர்த்து, உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். ஒருநாள் அப்படி ஏறியபோது வலையில் முடிச்சுப் போட முடியாத அளவுக்குத் தன் கை நடுங்கியதை, விரல்களை நீட்டிக் காட்டினார். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். "மாத்திரைய விட்டது திமிர்ல இல்ல மக்களே, பயத்துல" என்றார். 'வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம்' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் அன்றைக்குத்தான், "குடிக்கத் தண்ணி எவ்வளவு கொண்டுபோவீங்க?" என்று ஒரு மனிதரிடம் கேட்டார்கள்.

மார்த்தாண்டம் தம்பி, காதில் குரல் கேட்பவரிடம் 'அது பொய்' என்று வாதாட வேண்டாம், 'எனக்கும் கேட்கிறது' என்று நடிக்கவும் வேண்டாம், 'பயமா இருக்கா?' என்று கேட்டால் போதும் என்றாய். மூன்று பக்க நோட்ஸில் நான் சொல்ல முயன்றது அதுதான்.

அக்காவை ஒரு காலத்தில் வீட்டில் கயிற்றால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த வேண்டி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள்: "நான் தண்ணி கேட்டா, வகுப்ப முடிச்சிரணும்." அன்று இரண்டு முறை கேட்டீர்கள். முதல் முறை நான் கவனிக்காமல் போனேன். மன்னியுங்கள் அக்கா. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைப் பற்றியும், சங்கிலியால் கட்டவே கூடாது என்று சொல்லும் 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றியும் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். உங்கள் மணிக்கட்டைப் பார்த்த பிறகு அதே குரலில் என்னால் பேச முடியவில்லை.

அப்புறம், வெளியாசிரியர்களுக்குத் தரும் அதே தொகையை அதே ரசீதில் உங்களுக்கும் தர ஒப்புக்கொண்ட எங்கள் முதல்வருக்கு நன்றி. மூன்று வாரமும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அண்ணனோடு பஸ் ஏறி வந்த அண்ணிக்கும், அக்காவைத் தக்கலையிலிருந்து கூட்டி வந்து வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. போன் எல்லாவற்றையும் வாங்கி, யாரும் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்ட இரண்டாம் வருஷப் பிள்ளைகளே, உங்களுக்கும்தான்.

அடுத்த பேட்ச் பாடத்தை எழுதும் முன் திண்ணையில் மறுபடியும் உட்காரலாம். அண்ணன் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். அக்கா, வகுப்பில் உங்கள் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு இனி நானே உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நாகர்கோவில்