வளாக விரிவாக்க வரைபடம்: ஞாயிறு கூட்டம்

முன்னாள் மாணவர் அனைவருக்கும் வணக்கம். நம் தருமபுரி வளாகத்தின் அடுத்த 20 ஆண்டு விரிவாக்கத்துக்கான வரைவு வந்துவிட்டது. கருத்து சொல்ல வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக அரங்கில் கூடுகிறோம்.

1. வரைவை ஏ3 தாளில் அச்சிட்டு வாருங்கள். போனில் சம உயரக் கோடுகள் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் கோடுகள்) தெரியாது.

2. முதலில் தண்ணீர். மழைநீர் ஓடும் ஓடைத் தடத்தைப் பச்சை மையில் குறியுங்கள். அதன்மேல் கட்டினால் கனமழையில் தரைத்தளம் மூழ்கும். 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் மழைநீர்த் தொட்டிக்கு இப்போதே இடம் ஒதுக்கக் கேட்போம். கட்டடம் வந்தபின் இடம் கிடைக்காது.

3. தீயணைப்பு வண்டி செல்ல 6 மீட்டர் பாதை இருக்கிறதா? சக்கர நாற்காலிச் சாய்தளம் 1:12-ஐவிட (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) செங்குத்தாக இருக்கக் கூடாது.

4. வகுப்பறைகளின் நீளப் பக்கம் வடக்கு, தெற்கு நோக்கியிருக்க வேண்டும். மேற்கு பார்த்தால் மதியத்துக்குமேல் வெயிலில் உட்கார முடியாது.

5. நுழைவுப் பாதைப் புளியமரங்களை எண்ணிக் குறியுங்கள். வரைபடத்தில் இல்லாத மரம்தான் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போகும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கேயே பதிவிடுங்கள். வர முடியாதவர்கள் குறித்த வரைபடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.