செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

நம் பழைய கணினிச் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டம் பத்து முறை நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது, சுண்டல் மிஞ்சியது. இரண்டு பவர் சப்ளையும் ஒரு மானிட்டரும் சரிசெய்யப்பட்டன.

அப்புறம், எக்ஸ்டி கணினியின் (1980களின் ஐபிஎம் பிசி வகை) 360 கேபி பிளாப்பி டிரைவ், அதாவது வளையும் காந்தத் தட்டில் எழுதிப் படிக்கும் கருவி. அதைச் சரிசெய்யப்போய் நான் சிலர் டிஸ்கைக் கெடுத்துவிட்டதாக வெளியே பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த டிரைவ் தான் எழுதியதை மட்டும் படிக்கும். வெளி டிஸ்க் போட்டால் கரகரவென்று ஹெட்டை (எழுதிப் படிக்கும் முனை) முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். ஹெட்டைத் துடைத்தோம். தண்டவாளத்தில் பிசினாக இறுகிய கிரீஸை வழித்தெடுத்தோம். பலனில்லை. டிராக் என்பது டிஸ்கில் தகவல் பதியும் வட்டப் பாதை; அங்குலத்துக்கு 48 டிராக் என்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஹெட் அதில் சற்றே தள்ளி நின்று பழகிவிட்டது.

முதலில் வேகம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 300 சுற்று. அடிச்சக்கரத்தில் 50 (நம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ்) என்று போட்ட வட்டத்துக் கோடுகள், மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும் டியூப்லைட் வெளிச்சத்தில் அசையாமல் நின்றால் சரி. நம் அறையில் இருப்பதோ எல்இடி; அதில் கோடு எங்கே நிற்கிறது! என் வீட்டுப் பரணிலிருந்த பழைய சோக் டியூப்லைட்டைத் தூக்கி வந்தேன். பிறகு ஹெட் நிற்கும் இடத்தைச் சரிபார்க்க இரவல் அலைன்மென்ட் டிஸ்க், அதன் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்ட இரவல் ஆசிலாஸ்கோப். 16ஆம் டிராக்கில் பூனைக்கண் மாதிரி இரண்டு வீக்கம் தெரியும். இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும்வரை ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் திருகைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். திருகை இறுக்கினால் மறுபடி நகர்ந்துவிடும். மூன்று ஞாயிறு போயிற்று. வந்தவர்கள் பொருளாளரும் நானும்.

இப்போது அது ஊரார் டிஸ்கையெல்லாம் படிக்கிறது. ஆனால் தள்ளி நின்ற காலத்தில் அதில் எழுதியவற்றைப் படிப்பதில்லை. இது தெரிந்த விஷயம்தான். அதனால்தான் ‘பழைய டிஸ்குகளைக் கொண்டு வாருங்கள், முதலில் நகல் எடுத்துவிடலாம்’ என்று மூன்று முறை செய்தி அனுப்பினேன். கொண்டு வந்தவர்கள் இருவர். ‘செயலாளர் என் டிஸ்கைக் கெடுத்துவிட்டார்’ என்று சொல்பவர்களில் அந்த இருவரும் இல்லை. டிஸ்க் ஒன்றும் கெடவில்லை. மோட்டார் முன்பு இருந்த இடத்தில் கீறிக் குறித்துத்தான் வைத்திருக்கிறேன். அங்கே திருப்பி வைத்துப் படித்துக்கொள்ளலாம். அதன்பின் மறுபடி மூன்று ஞாயிறு ஆகும். அதற்கு யார் வருவார்கள் என்பதையும் இன்றே சொல்லிவிட்டால் நல்லது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை, விவரம் பொருளாளரிடம். 11 பேர் சந்தா பாக்கி. பெயர் போட வேண்டாம் என்றது செயற்குழு, போடவில்லை.

அறை தந்தவருக்கும் கருவிகளை இரவல் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு 1.2 எம்பி டிரைவ் காத்திருக்கிறது. அதில் அங்குலத்துக்கு 96 டிராக். அலைன்மென்ட் டிஸ்கை உரியவர் திருப்பிக் கேட்கிறார். சொந்தமாக வாங்கச் சந்தா வந்தாக வேண்டும். எனக்கும் கண் முன்போல் இல்லை. பொறுப்பேற்க யாராவது முன்வந்தால் அறைச் சாவியை இன்றே தருகிறேன். டியூப்லைட் மட்டும் என்னுடையது.

செயலாளர்