எர்னி வைஸுக்கும் பாதிப் பங்கு

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் நகைச்சுவை ஜோடியான மோர்கம்ப்–வைஸ் என்றாலே எல்லோரும் எரிக் மோர்கம்பைத்தான் கொண்டாடுகிறார்கள். எர்னி வைஸைத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாக நினைப்பது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது. எரிக் எர்னியின் இரு கன்னங்களிலும் செல்லமாகத் தட்டும்போது, எர்னி அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த வசனத்துக்கு இம்மியும் பிசகாமல் இடம் விடுவார். அந்த நிதானம் இல்லாவிட்டால் எரிக்கின் குறும்பு எடுபடாது. 1941இல் சிறுவர்களாகச் சேர்ந்து மேடையேறியவர்கள்; 1984இல் எரிக் இறக்கும்வரை ஜோடி நீடித்தது. எரிக்குக்கு இங்கிலாந்தின் மோர்கம்ப் நகரக் கடற்கரையில் 1999இலேயே சிலை வைத்தார்கள். எர்னிக்கு மோர்லி நகரில் 2010இல்தான் வைத்தார்கள். தங்கள் கலைப் பக்கத்தில் எர்னியைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி