இலை உதிர்த்த அமிர்திக் காடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு ஏதாவது ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது, நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுகிறேன். இது அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா குரூப்பில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "அமிர்திக் காடு இப்படிக் காய்ஞ்சு செத்துப்போச்சேம்மா, இங்க ஃபிரெண்ட்ஸ்கிட்ட பணம் சேர்த்து அனுப்பறேன், கன்று வாங்கி நடச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஊர்க் காட்டுக்காக உன் மனசு பதறுகிறதே, அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அதனாலேயே வாய்க்கு வந்ததைப் பதிலாகச் சொல்ல விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு வேலூர் பக்கத்துக் கணியம்பாடி வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காடு சாகவில்லை பாப்பா. பங்குனியில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. அங்கே கன்று நடவும் வேண்டாம்.

நீ கடைசியாக அங்கே வந்தது ஒரு கார்த்திகையில். அருவி கொட்டிக்கொண்டிருந்தது, ஜவ்வாது மலையின் அடிவாரம் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைதான் உன் மனசில் நிற்கிறது. இப்போது நாகநதியில் மணல்தான் தெரிகிறது. வெக்காலி, வேங்கை, ஒதியன், தணக்கு, வெப்பாலை எல்லாம் இலையே இல்லாமல் நிற்கின்றன. கீழே கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகு. படத்தில் பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் படத்தில் தெரியாத ஒன்று உண்டு. தடத்தின் ஓரத்தில் விரல் பருமனில் ஒரு வெப்பாலைக் கிளை, தொட்டால் ஒடிந்துவிடும் போல இருந்தது. அதன் தோலை நகத்தால் லேசாகக் கீறினேன். சாம்பல் நிறத் தோலுக்கு அடியில் நல்ல பச்சை. அடுத்த நொடியே அந்தக் கீறலில் பால் துளிர்த்து நின்றது. உன் பாட்டி தேங்காய் எண்ணெயில் இலையைப் போட்டு வெயிலில் வைப்பாரே, எண்ணெய் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறுமே, அதே மரம்தான். செத்த மரத்தில் பால் வராது.

ஜெர்மனியில் உன் ஸ்டுட்கார்ட்டில் பீச் மரங்களும் ஓக் மரங்களும் டிசம்பரில் மொட்டையாக நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினாய். அப்போது அந்தக் காடு செத்துவிட்டது என்று உனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் ஏப்ரலில் துளிர்க்கும் என்று உனக்குத் தெரியும். இங்கேயும் அதே ஏற்பாடுதான், காரணம் மட்டும் வேறு. அங்கே பகல் குறைந்து குளிர் வருகிறது. இங்கே தை பிறந்ததும் மண் காய ஆரம்பிக்கிறது. இலையில் இருக்கும் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், வேரால் அந்த அளவுக்கு மண்ணிலிருந்து உறிஞ்சித் தர முடியாது. எனவே மரம் இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் எடுக்க முடிந்ததைத் தண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகும். காம்பின் அடியில் ஒரு படலம் உருவாகி இலையைத் தனியாகப் பிரித்துவிடும். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை வருஷக்கணக்கில் நடத்தியவள் நான். இன்றைக்கும் ஒரு இலை தானாகக் கழன்று விழுவதைப் பார்த்தால் அந்த மரத்தின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நின்றுவிடுவேன்.

இதைவிட ஆச்சரியம் துளிர்ப்பதில் இருக்கிறது. மழை பெய்த பிறகு துளிர்க்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே பல மரங்கள் மழைக்கு முன்பே, வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போதே துளிர்விட்டுவிடும். ஆழத்தில் வேர் தேடிப் பிடித்த ஈரமும், தண்டில் சேர்த்து வைத்த நீரும்தான் அதற்குக் கைமுதல். நம் தெருவில் இருக்கும் புங்கமரத்தை நினைத்துப் பார். மற்றதெல்லாம் வாடிக் கிடக்கும் பங்குனியில் அது மட்டும் பளபளவென்று புதுத்தழையோடு நிற்கும். காட்டின் ஓரத்தில் ஒரு இலுப்பை கொழுந்து விட்டிருந்தது, செம்பு நிறத்தில். அடியில் விடியற்காலையில் உதிர்ந்த பூக்கள், வெளிர்மஞ்சளில் சின்னச் சின்ன உருண்டையாக, சதைப்பற்றோடு கிடந்தன. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன், நல்ல இனிப்பு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள்.

பொரசு மரத்திலும் இலை கிடையாது, கிளை முழுக்கச் செம்மஞ்சள் பூ. இலை மறைக்காததால் பூ தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது, தேன்சிட்டும் மைனாவும் கரிச்சானும் வந்து மொய்க்கின்றன. விதை பரவுவதற்கும் இந்த மொட்டைக் காலம்தான் தோது. தணக்கு மரத்தின் காயை நீ பார்த்ததில்லை. சின்னக் கொட்டை, அதன் தலையில் நீளமாக இரண்டு இறக்கை. மாமா ஒன்றைப் பொறுக்கி மேலே வீசினார், ஹெலிகாப்டர் மாதிரி சுழன்றுகொண்டே மெதுவாக இறங்கியது. இலை அடர்ந்த காட்டில் அது பத்தடி போவதற்குள் எதிலாவது சிக்கிக்கொள்ளும். இப்போது காற்று தடையில்லாமல் உள்ளே புகுந்து போகிறது. வேங்கையின் காயும் அப்படித்தான், வட்டமாக, ஓரம் முழுக்க இறக்கை. நீயும் தம்பியும் கைக்குழந்தையாக இருந்தபோது நெற்றியில் வைத்த கறுப்புப் பொட்டு வேங்கைப் பாலில் செய்தது, ஞாபகம் வைத்துக்கொள்.

அப்புறம் ஆறுமணிக்குருவியைப் பார்த்தேன்! சருகுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது, முதலில் ஓணான் என்று நினைத்தோம். அசையாமல் நின்று பார்த்தால், குட்டைவால் குருவி ஒன்று அலகால் ஒவ்வொரு சருகாகப் புரட்டிக்கொண்டிருக்கிறது. முதுகு பச்சை, கண் வழியாகக் கறுப்புப் பட்டை, தோளில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு. ஒரு சருகைப் புரட்டி, புழுவை இழுத்து, இரண்டு தத்துத் தத்தி, அடுத்த சருகு. நாங்கள் இருப்பதைக் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளவே இல்லை. வடக்கே, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கம் வரும் பறவை அது. சித்திரையில் கிளம்பிவிடும். காய்ந்துபோய் யாருக்கும் உதவாமல் கிடக்கிறது என்று நாம் நினைக்கும் சருகுக்குள்தான் அதன் சாப்பாடு இருக்கிறது. சருகைக் கூட்டி எடுத்துவிட்டுக் குழி தோண்டிக் கன்று நட்டால் அது எங்கே போகும்?

இந்த இடத்தில்தான் நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வருகிறது. தீக்காவலுக்குப் போட்டிருந்த ஒரு அண்ணன், மலையாளி என்ற பழங்குடி இனத்தவர் (கேரளக்காரர் இல்லை), மலைமேல் ஊர்க்காரர், எங்களோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தார். தரையில் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த குச்சியைக் காட்டி, "இது பல வருஷத்துக் கன்னும்மா" என்றார். எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததை அவர் கையால் தொட்டுக் காட்டினார். இந்தக் காட்டு மரங்கள் பலவற்றின் கன்றுகள் கோடைக்குக் கோடை மேலே காய்ந்துவிடும், மழைக்கு அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். வெளியே வளர்ச்சியே தெரியாது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் கீழே வேர் தடித்துக்கொண்டே போகும். வேர் போதுமான அளவுக்குத் திரண்ட பிறகு, ஒரு மழைக்காலத்தில் தண்டு விறுவிறுவென்று எழும்பி, அதற்குப் பிறகு காயாமல் நின்றுவிடும். அதாவது காடு தன் அடுத்த தலைமுறையை ஏற்கெனவே நட்டு வைத்திருக்கிறது. கடப்பாரையோடு நல்லெண்ணத்தில் வருகிற நூறு பேருக்கு அந்தக் குச்சிகள் குப்பையாகத்தான் தெரியும். பிடுங்கிப் போட்டுவிட்டு, நர்சரியில் வளர்ந்த கன்றை அங்கே வைப்பார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அதுவும் கருகும்.

இந்தியாவில் மிகப் பரவலாக இருப்பது இந்த மாதிரி இலையுதிர் காடுதான். ஆனாலும் காடு என்றால் கேரளத்து சைலண்ட் வேலி மாதிரி எப்போதும் ஈரமாக, இருட்டாக, பச்சையாக இருக்க வேண்டும் என்று நம் மனசில் பதிந்துவிட்டது. அதனால் இதைப் பொட்டல், புதர் என்று சொல்லி என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று துணிந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

இந்தக் காட்டுக்கு இப்போது இருக்கும் ஆபத்து தீ. இவ்வளவு சருகு கிடக்கிறதே, ஒரு பீடித் துண்டு போதும். இங்கே பற்றும் தீயில் பெரும்பாலானது மனிதர்கள் வைத்ததுதான். பெரிய மரங்கள் தடித்த பட்டையால் தப்பித்துக்கொள்ளும். மேலே சொன்ன குச்சிக் கன்றுகளும், சருகில் கிடக்கும் விதைகளும், தரையில் கூடு கட்டும் பறவைகளும்தான் மாட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்ப எரிந்தால் வேரில் சேர்ந்த பலமும் தீர்ந்துபோய், உண்ணிச்செடி என்கிற களைப்புதர் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆளையும் விடாது. 2018 மார்ச்சில் தேனி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்துபோனது உனக்கும் நினைவிருக்கும். அதுவும் இதே மாதிரி வெயில் ஏறும் காலம்தான். அந்த அண்ணன் முதல் வேலையாக மாமாவின் சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்றுதான் கேட்டார். தீ பரவாமல் இருக்கச் சருகை ஒதுக்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். தீ பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைக்கிறார்கள். சாதாரணச் செருப்போடுதான் நடக்கிறார் அவர், பாப்பா. எனக்கு மனசே கேட்கவில்லை.

எனவே உன் நண்பர்களிடம் சொல். பணம் கொடுக்க மனசு இருந்தால், தீக்காவலில் நிற்பவர்களுக்கு நல்ல பூட்ஸ், தண்ணீர் கேன், டார்ச் மாதிரி என்ன தேவை என்று வனத்துறை ஆபீசில் கேட்டு, முறையாக வாங்கிக் கொடுக்கலாம். நான் போய்க் கேட்டு எழுதுகிறேன். கன்று நட்டே தீர வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஊருக்குள் ரோட்டோரம், ஏரிக்கரை, நிழலே இல்லாத பள்ளிக்கூட மைதானம். புங்கம், நாவல், வேம்பு, இலுப்பை எதுவாக இருந்தாலும் சரி, மழைக்காலத்தில் நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு நட வேண்டும். இங்கே என்னோடு ரிட்டையரான டீச்சர்கள் நாலைந்து பேர் அதற்குத் தயாராக இருக்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். மொட்டை மரங்களுக்கு நடுவில் ஒரு சந்தனக் கன்று மட்டும் தழையோடு நின்றது. தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி, அங்கிருந்தும் நீரும் சத்தும் வாங்கிக்கொள்ளும் மரம் அது. ஜவ்வாது மலைச் சந்தனம் ஒரு காலத்தில் எவ்வளவு கொள்ளை போனது என்று தாத்தா கதை கதையாகச் சொல்வார். வைரம் பாய வருஷக்கணக்கு ஆகும். அதுவரையாவது யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும். எந்த இடம் என்று உனக்குக்கூட எழுத மாட்டேன்.

அடுத்த முறை லீவு போடும்போது டிசம்பரில் போடாதே. மாசிக் கடைசியில் வா. பொரசு பூத்திருக்கும், ஆறுமணிக்குருவியும் கிளம்பியிருக்காது. விடியற்காலையில் போய்விட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடலாம், வெயில் உன்னால் தாங்க முடியாது. உள்ளே நடக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதனால் டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். வரும்போது அப்பாவுக்கு அந்த முழங்கால் உறை இன்னொரு ஜோடி வாங்கி வா. பழையது தளர்ந்துபோய்விட்டது, அவரும் காட்டுக்கு வருவேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா