டீயோடு வலி மாத்திரை: எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலவாழ்வுப் பக்கத்தின் கேள்வி-பதிலில், 'வலி மாத்திரை எதையும் டீயோடு சாப்பிடக் கூடாது' என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். மாத்திரைக்கு மாத்திரை சங்கதி வேறு என்பதைச் சொல்லாமல் விட்டது சரியல்ல.

பாராசிட்டமாலுக்கும் டீக்கும் பகை இல்லை. டீயில் சுறுசுறுப்பூட்டும் பொருளான கஃபீன் வலிநிவாரணியின் வேலையைச் சற்றுக் கூட்டும் என்பதால் சில தலைவலி மாத்திரைகளில் அதையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள். உதாரணமாக, சாரிடான் மாத்திரையில் பாராசிட்டமால் 250, இன்னொரு வலிநிவாரணியான புரோபிபெனசோன் 150, கஃபீன் 50 மில்லிகிராம். ஒரு கிளாஸ் டீயிலும் தோராயமாக 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். இரண்டும் சேர்ந்து அடிக்கடி உள்ளே போனால் படபடப்பு வரும், தூக்கம் கெடும். பாராசிட்டமாலில் பார்க்க வேண்டியது அளவைத்தான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து ஒளிந்திருப்பதால், அட்டையைத் திருப்பிப் படிக்காமல் இரண்டையும் போட்டால் அளவு மீறிக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் வேறு ரகம். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே இவை குறைத்துவிடுகின்றன. டீயோ அமிலத்தைத் தூண்டும். விடிந்ததும் வெறும் வயிற்றில் மூட்டுவலி மாத்திரையும் ஸ்ட்ராங் டீயுமாக இறங்கினால் நெஞ்செரிச்சலுக்குக் கேட்கவா வேண்டும்! இரண்டு பிஸ்கட் சாப்பாட்டுக்கு ஈடாகாது. நான்கு இட்லியாவது சாப்பிட்ட பிறகு போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் ஆபத்து முழுதாக நீங்காது. இம்மருந்துகள் ரத்தத்தின் வழியாகவும் வயிற்றைத் தாக்குவதால், ஊசியாகப் போட்டால்கூட அல்சர் வரலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

எந்த மாத்திரையானாலும் விழுங்குவதற்குத் தண்ணீர்தான் சரி. ஒரு முழு டம்ளர் குடியுங்கள், உடனே படுக்காதீர்கள். சூடான டீயில் கேப்சூல் உறை இளகித் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். குடலில் போய்க் கரைய வேண்டிய மாத்திரையின் பூச்சும் முன்கூட்டியே இளகக்கூடும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் டீக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். டீயிலுள்ள டானின் இரும்பு உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும்.

டீயையே தலைவலி மருந்தாக நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளுக்கு ஐந்தாறு கிளாஸ் குடித்துப் பழகியவர் விரத நாளில் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். கஃபீன் கலந்த மாத்திரையைப் போட்டதும் அது விடும், பழக்கமோ விடாது. இத்தகைய கூட்டு மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். டீயைச் சில நாளுக்கு ஒருமுறை ஒரு கிளாஸ் வீதம் குறைத்துக்கொண்டே வருவதுதான் வழி.

இன்னொன்று: காய்ச்சலோடு உடம்புவலி வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டுமே போட வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும்.

மருந்துகளின் பெயரைப் பிரித்துச் சொல்லி, அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— மருந்தாளுநர் ஒருவர், திருச்சி